பூட்டின் செய்முறைக்கு எதற்குப் பூட்டு?

போன வாரம் ஒரு சாயங்காலம். கோமதியம்பாளைக் கும்பிட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். என் அக்கா மகன் பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் அவன் மகன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மருமகனுக்கு ஊரில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. தறி ஓடும் நேரத்தில் அவன் வெளியே வரமாட்டான். வந்திருக்கிறான் என்றால் விஷயம் பெரிது.

"மாமா, நீங்க கவர்மெண்டுல இருந்தவங்க. இவன் செஞ்சு வச்சிருக்கதக் கொஞ்சம் கேளுங்க. போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல."

"என்ன மாப்ள, யாரையும் அடிச்சிட்டானா?"

"அடிச்சிருந்தாலும் பரவால்ல மாமா. ஆயுதம் ஏத்துமதி பண்ணிட்டான்னு சொல்லுதாங்க."

நான் பையனைப் பார்த்தேன். ஐம்பது கிலோ இருப்பான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். துப்பாக்கியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னிடம் கேட்பான்.

விசாரித்ததில் விஷயம் இதுதான். அவன் அம்மாவின் போன் பழுதாகி, கடையில் நான்கு நாள் கிடந்திருக்கிறது. அதில் பாங்கு பாஸ்புக் படம், ஆதார் படம், டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் எல்லாம் இருந்தன. கடைக்காரர் தொடவில்லை, நல்ல மனிதர். ஆனாலும் பையனுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து, போனில் இருக்கும் படங்களையும் கோப்புகளையும் பூட்டி வைக்கும் ஒரு சின்ன மென்பொருளை எழுதியிருக்கிறான். என்க்ரிப்ஷன் என்கிறார்களே, அந்தப் பூட்டு. அதை கிட்ஹப் என்ற இடத்தில், மூல நிரலோடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறான். காசு வாங்கவில்லை. எங்கோ பிரேசில் நாட்டிலிருந்து ஒருவர் நன்றி சொல்லி, ஒரு பிழையையும் சுட்டிக்காட்டி எழுதினாராம். பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் சீனியர் ஒருவர் போன் செய்து, "தம்பி, என்க்ரிப்ஷன் மென்பொருள் நம் நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் எடுத்தால் அது ஏற்றுமதி. லைசென்ஸ் இல்லாமல் செய்தால் ஜெயில்" என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரியே பையன் எல்லாவற்றையும் அழித்துவிட்டான்.

"என்ன விதி, எந்தப் பிரிவுன்னு சொன்னாரா?" என்று கேட்டேன். சொல்லவில்லையாம்.

முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இது ஒன்றுதான் தெரியும். 'விதியில் இடமில்லை' என்று யாராவது சொன்னால், விதியை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பாதி நேரம் விதி வேறு எதையோ சொல்லும். இருவரையும் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் எனக்குப் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் விதிப் புத்தகம் படிக்கத் தெரிந்தவன்.

முதலில், சீனியர் சொன்னது வெறும் புரளி அல்ல. நம் நாட்டில் 'ஸ்கோமெட்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வைத்திருப்பது. ரசாயனம், கிருமிகள், அணு, ஏவுகணை என்று போகும் அந்தப் பட்டியலில், 2017-இல் எட்டாவது பகுதியை நிரப்பினார்கள். கணினி, தொலைத்தொடர்பு, தகவல் பாதுகாப்பு எல்லாம் அதில் வருகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா வாஸனார் உடன்பாட்டில் 42-வது நாடாகச் சேர்ந்தது. நெதர்லாந்தில் உள்ள ஊரின் பெயர் அது. ராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் இரண்டுக்கும் பயன்படக்கூடிய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1996-இல் நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் பட்டியலில் மறையாக்க மென்பொருளும் உண்டு. ஆக, சீனியர் பட்டியலின் தலைப்பைப் படித்திருக்கிறார்.

குறிப்புகளைப் படிக்கவில்லை. அந்தப் பட்டியலிலேயே மென்பொருளுக்கான பொதுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. பொதுவெளியில் இருக்கும் மென்பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று அது சொல்கிறது. பொதுவெளி என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் உண்டு. மேற்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்பதில் தடை வைக்காமல் எல்லோருக்கும் கிடைக்கும்படி வைத்தது. காப்புரிமை இருப்பதால் மட்டும் அது பொதுவெளியில் இல்லை என்று ஆகிவிடாது. பையன் செய்தது அச்சு அசல் இதைத்தான்.

விதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இருக்கும் இடம்? நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவில், வக்கீல் ஆங்கிலத்தில். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவரின் மகன் அதைத் தேடிப் படிப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமா? 'ஜெயில்' என்ற சொல் மட்டும் அவனைத் தேடி வந்துவிடுகிறது. விலக்கு வந்து சேர்வதில்லை.

இதே பயத்தை உலகம் ஏற்கெனவே ஒரு சுற்று அனுபவித்து முடித்துவிட்டது. 1991-இல் அமெரிக்காவில் பில் சிம்மர்மன் என்பவர் பிஜிபி என்ற பூட்டு மென்பொருளை எழுதினார். சாதாரண மனிதர்களும் மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பலாம். இலவசமாகவே கொடுத்தார். அது இணையம் வழியே நாடு விட்டு நாடு போய்விட்டது. அப்போது அமெரிக்கச் சட்டத்தில் வலுவான மறையாக்கம் பீரங்கி, டாங்கிகளோடு சேர்த்துப் போர்த் தளவாடம். 1993-இல் அவர் மேல் குற்ற விசாரணை தொடங்கியது. மூன்று வருஷம் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 1996 ஜனவரியில் வழக்கே போடாமல் கைவிட்டார்கள்.

நடுவில் நடந்ததுதான் வேடிக்கை. புரூஸ் ஷ்னையர் என்பவர் எழுதிய மறையாக்கப் பாடப்புத்தகம் ஒன்றில் நிரல்கள் அச்சாகியிருந்தன. புத்தகத்தை ஏற்றுமதி செய்யலாமா என்று 1994-இல் ஒருவர் முறைப்படி கேட்டார். தாராளமாகச் செய்யலாம் என்று பதில் வந்தது. அதே நிரல்களை பிளாப்பியில் போட்டு அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது, அது தளவாடம் என்றார்கள். தாளில் இருந்தால் எழுத்து, தட்டில் இருந்தால் ஆயுதம்! அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கே இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிம்மர்மன் தரப்பு இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டது. பிஜிபியின் முழு நிரலையும் 1995-இல் எம்.ஐ.டி. அச்சகம் புத்தகமாகவே போட்டது. பிறகு 1997-இல் புதிய பதிப்பின் நிரலைப் பல ஆயிரம் பக்கங்களாக அச்சிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்ப, அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மறுபடி மென்பொருளாக்கினார்கள். சட்டம் மீறப்படவில்லை. சட்டத்தின் நோக்கம் மட்டும் காற்றில் போனது.

2000-இல் அமெரிக்காவே கையை விரித்தது. மூல நிரலைப் பொதுவில் போடுகிறவர் ஒரு மின்னஞ்சலில் தகவல் சொன்னால் போதும் என்றார்கள். நம் அலுவலக மொழியில் 'தங்கள் தகவலுக்காக' என்று ஒரு நகல். 2021-இல், வழக்கமான முறைகளைப் பயன்படுத்தினால் அந்தத் தகவலும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில் என்பது வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது நான் அரை டிராயர் போட்ட பையன். அப்பா காலமானபின் அம்மாவின் ஊரான இங்கே வந்தோம். பிரெஞ்சு எனக்குச் சோறு போடவில்லை. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் உதவுகிறது. 1883-இல் பாரிசில் ஒரு ராணுவ அறிவியல் இதழில் ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்ற பேராசிரியர் ராணுவ மறையெழுத்து பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கூகுளில் தேடினால் மூலமே கிடைக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஆறு நிபந்தனைகள் சொல்கிறார். இரண்டாவது இதுதான்: முறை ரகசியமாக இருக்க வேண்டும் என்று அவசியமே இருக்கக் கூடாது. அது எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக் கூடாது. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும்.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. ராணுவத்துக்காக எழுதியது. பூட்டின் செய்முறையை மறைத்து வைப்பதால் ராணுவத்துக்கே லாபமில்லை என்கிறார்.

இதை எனக்கு விளக்க யாரும் வேண்டாம். நான் சார் கருவூலத்தில் வேலை பார்த்தவன். எங்கள் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி கருவூல அலுவலரிடம், இன்னொன்று பொக்கிஷதாரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். இந்த ஏற்பாடு விதிப் புத்தகத்தில் அச்சாகி, யாரும் படிக்கும்படி இருந்தது. அதைப் படித்ததால் ஒரு கருவூலமும் கொள்ளை போகவில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வேறொன்று நடந்தது. அதிகாரி அடிக்கடி முகாம் போவார் என்பதற்காக இரண்டு சாவியையும் ஒரே மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தார்கள். தணிக்கைக்கு வந்தவர் இழுப்பறையைத் திறந்துவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். இன்றும் நினைத்தால் கூசுகிறது. கெட்டது பூட்டால் அல்ல, சாவியால்.

திண்டுக்கல் பூட்டைப் பாருங்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பது அந்தத் தெருக்களில் பல தலைமுறைக்குத் தெரியும். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்துக் கௌரவித்தோம். பூட்டு செய்யத் தெரிந்தவர்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்களைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்த அதே பிரான்ஸ், இந்த விஷயத்தில் மேற்கு நாடுகளிலேயே கெடுபிடியான நாடாக இருந்தது. மறையாக்கக் கருவிகளை வெகுகாலம் போர்த் தளவாடமாகவே வைத்திருந்தார்கள். 1999 ஜனவரியில்தான் பிரதமர் ஜோஸ்பேன், 128 பிட் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். 2004-இல் வந்த சட்டம் பயன்பாட்டை முழுக்கவே சுதந்திரமாக்கியது. நாடு கவிழ்ந்துவிடவில்லை.

பிட் என்றால் என்ன என்று கேட்பீர்கள். சாவியின் பல்வரிசை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பிட் சாவி என்றால் சுமார் 1,10,000 கோடி சாவிகளில் ஒன்று. கேட்க மலைப்பாக இருக்கும். கணினிக்கு இது பொருட்டே இல்லை. 1995-இல் தேமியென் தோலிகே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சி மாணவர், சுமார் 120 கணினிகளை வைத்து எட்டே நாளில் அப்படி ஒரு சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினார். அமெரிக்கா வெளிநாடுகளுக்குக் கொடுத்த நெட்ஸ்கேப் பிரவுசரின் பூட்டு அவ்வளவுதான். நல்ல பூட்டு உள்ளூருக்கு, ஓட்டைப் பூட்டு வெளியூருக்கு. 128 பிட் என்றால் சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம். உலகத்துக் கணினிகளை எல்லாம் சேர்த்தாலும் தேடி முடியாது.

இனி நம் கதை. 1998-இல் இணைய சேவையைத் தனியாருக்குத் திறந்துவிட்டோம். தொலைத்தொடர்புத் துறையின் உரிம நிபந்தனையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? அனுமதி இல்லாமல் 40 பிட் வரைதான். அதற்கு மேல் என்றால் அனுமதி வாங்கி, சாவியை இரண்டு பாதியாக்கி அரசிடம் கொடுத்து வைக்க வேண்டும். பிரெஞ்சு மாணவர் எட்டு நாளில் உடைத்துக் காட்டி மூன்று வருஷம் ஆன பிறகு எழுதிய விதி இது! 2001-இல் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு விதி போட்டது. குறைந்தது 128 பிட் வேண்டும் என்று. ஒரு துறை 40-க்கு மேல் கூடாது என்கிறது, இன்னொரு துறை 128-க்குக் கீழே கூடாது என்கிறது. நடுவில் பணம் அனுப்பும் குடிமகன் என்ன செய்வான்? அவனுக்கு இரண்டுமே தெரியாது. அதனால் நிம்மதியாக இருந்தான்.

2015 செப்டம்பரில் தேசிய மறையாக்கக் கொள்கை என்று ஒரு வரைவு வெளியானது. பூட்டி அனுப்பிய செய்தியின் திறந்த நகலைக் குடிமக்களும் 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்றது. அதாவது பேத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துக்கும் நான் கோப்பு பராமரிக்க வேண்டும். நாடே கொதித்தது. இரண்டொரு நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அதற்கு அரசைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். 2024 பிப்ரவரியில் சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது நினைவிருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போகப் பெற்றோர் ஓடியதை டிவியில் பார்த்தோம். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் வழியாக வந்தது என்று, அந்தச் சேவையையே முடக்கத் தமிழ்நாடு காவல்துறை தரப்பில் கேட்டதாகச் செய்தி வந்தது. அந்தத் தாய்மார்களின் பதற்றம் பொய்யல்ல. போலீஸ்காரரின் தவிப்பும் பொய்யல்ல. அதற்கு முந்தைய வருஷம் மே மாதம், காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று 14 செயலிகளை மத்திய அரசு முடக்கியது. அதில் பிரையர், எலிமென்ட் போன்ற திறந்த நிரல் மென்பொருட்களும் இருந்தன.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரையரின் நிரல் முழுவதும் உலகம் பார்க்க இருக்கிறது. கெட்டவன் அதை எடுத்துத் தானே கட்டிக்கொள்வான். அல்லது பதினைந்தாவது செயலிக்குப் போவான். தடையால் நிறுத்தப்படுகிறவன் சட்டத்துக்குப் பயப்படுகிறவன் மட்டுமே. மிரட்டியவனைப் பிடிக்க வேண்டும். அதற்குப் போலீசுக்கு ஆளும் பயிற்சியும் கொடுங்கள், நாடு விட்டு நாடு விவரம் கேட்கும் நடைமுறையை வேகப்படுத்துங்கள், நீதிமன்ற ஆணையோடு அந்த ஆளின் போனைச் சோதியுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஊரில் ஒரு திருட்டு நடந்தது என்பதற்காக எல்லா வீட்டுப் பூட்டையும் கழற்றச் சொன்னால்தான் ஆட்சேபணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000-இல் அமெரிக்க அரசு தனக்கே ஒரு புதிய தரமான பூட்டைத் தேர்ந்தெடுத்தது. உலகத்தையே போட்டிக்கு அழைத்து, எல்லா முறைகளையும் வெளிப்படையாக வைத்து, நிபுணர்களை உடைத்துப் பார்க்கச் சொல்லி, ஜெயித்ததை எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்தவர்கள் இரண்டு பெல்ஜியக்காரர்கள், டேமனும் ரைமனும். இன்று நம் பாங்குப் பரிவர்த்தனை முதல் வாட்ஸ்அப் வரை காப்பது அந்த முறைதான். நாம் இன்று நிம்மதியாகப் பணம் அனுப்புவது, யாரோ தங்கள் பூட்டை ஊர் முன்னால் வைத்து 'முடிந்தால் திறந்து பார்' என்று சொன்னதால். பிரேசில்காரர் நம் பையனின் பூட்டில் பிழை காட்டினாரே, அதுவும் அப்படித்தான். அவன் அதை ஒளித்து வைத்திருந்தால் பிழை அவன் அம்மாவின் போனிலேயே இருந்திருக்கும்.

வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்துக்கு இந்தக் கிழவனின் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரே ஒரு பக்கம். 'திறந்த நிரலாகப் பொதுவில் வெளியிடும் மாணவருக்கு அனுமதி தேவையில்லை. மூடிய பொருளாக வெளிநாட்டுக்கு விற்கும் நிறுவனம் எங்களிடம் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், இத்தனை நாளில் பதில் வரும்' என்று தமிழிலும் மற்ற மொழிகளிலும் போட்டு ஒவ்வொரு இன்ஜினியரிங் கல்லூரிக்கும் அனுப்புங்கள். புதுச் சட்டம் வேண்டாம். இருக்கும் விதியைப் புரியும்படி சொல்லுங்கள். விதி தெரியாமல் ஒருவன் தப்பு செய்தால் அது அவனுக்கு நஷ்டம். விதி தெரியாமல் ஒருவன் நல்லது செய்வதை நிறுத்தினால் அது நாட்டுக்கு நஷ்டம். அந்தக் கணக்கு எந்தத் தணிக்கையிலும் வராது.

நான்காம் நாள் பையனை வரச் சொல்லி எல்லாவற்றையும் காட்டினேன். குறிப்பை அவனையே சத்தமாகப் படிக்க வைத்தேன். முகம் தெளிந்தது. "மறுபடி போட்டிரலாமா தாத்தா?" என்றான்.

"உங்க அப்பாகிட்ட கேளுடா" என்றேன்.

அங்கேதான் நிற்கிறது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா, ஆனாலும் எதுக்கு வம்பு" என்கிறான் மருமகன். அவன்மேல் தப்பில்லை. எட்டுத் தறியும் ஒரு பையனும்தான் அவன் சொத்து. எழுத்தில் காட்டாத எதையும் அவன் நம்பமாட்டான். வாயால் சொன்ன சேலை ஆர்டருக்குக்கூட நூல் வாங்கமாட்டான்.

அதனால் இதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, அந்த விதிக் குறிப்பின் நகலையும் இணைத்து, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். தாளில் இருந்தால் ஆயுதம் இல்லை என்று அமெரிக்காவே சொல்லியிருக்கிறது அல்லவா? இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையனோ பெண்ணோ எதையாவது எழுதிவிட்டுப் பயத்தில் அழித்திருந்தால், அவர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம்.